பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு

கிணற்று மேட்டில் தனியாக நின்ற ராமக்காளை அவள் நாத்தனார் குள்ளம்மாள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்ததோடு போன வாரம் நின்றோம். "தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு பாத்தேன்" என்று ராமக்காள் சொன்னாள். ஆனால் அவள் குடம் எடுத்துப் போகவில்லை.

அன்று ராத்திரி குள்ளம்மாள் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

ராமக்காளின் மகள் செல்லி போய் நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. மூன்று வயதுக் குழந்தை. குளிர்காய்ச்சல். கொய்னா வரும் ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து அந்தக் காய்ச்சல் மாத்திரை தருமபுரியில் கண்ணிலேயே படுவதில்லை. சேலத்துக்கு பஸ் ஓட்டும் பச்சியப்பன் அங்கே தேடி அலைந்து மகளுக்கு மாத்திரை வாங்கி வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது வாசலில் தெருவே கூடி நின்றது.

அன்றிலிருந்து ராமக்காள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. களி கிண்டுவாள், தட்டில் வைப்பாள், தட்டை எடுத்துப் போவாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பச்சியப்பன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் அக்காள் குள்ளம்மாள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"இன்னிக்கி சாயங்காலம் ராமக்காளைக் கொட்டாய்க்கிக் கூட்டிட்டுப் போறேன்டா."

பச்சியப்பனின் கை பொத்தானிலேயே நின்றது. "எங்க?"

"கொட்டாய்க்கி. கழுதைப் படம் இன்னிக்கோட கடைசி. நாளைக்கிப் படப் பெட்டி வேற ஊருக்குப் போயிரும்."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாக்கா? புள்ளையைப் பொதைச்சு ரெண்டு மாசம் ஆவலே. அவளைக் கொண்டுபோயி சினிமாக் கொட்டாயிலே உக்கார வெச்சா ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசட்டும். நேத்து கெணத்து மேட்டிலே நின்னாளே, அப்ப ஊரா வந்து கையைப் புடிச்சுது?"

"அதுக்கு சினிமாவா மருந்து?"

"வேற என்ன மருந்து வெச்சிருக்கே நீ? சொல்லு. அதைக் குடுத்துப் பாக்கறேன்."

அடுப்படியில் ராமக்காள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு பேச்சும் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பவில்லை.

"என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவன் தெருவில் இறங்கி வேகமாக நடந்தான். கரி பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டிக் காத்துக்கொண்டிருப்பார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் கட்டிய அடுப்பில் கரி எரித்து, அதில் வரும் புகையில்தான் வண்டி ஓடியது.

குள்ளம்மாளுக்கு சினிமா பொழுதுபோக்கு அல்ல. சந்தை மைதானத்து டென்ட் கொட்டகையில், பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அவளுடைய புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்தில் மண் சரிந்து செத்துப்போனான். தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில் அவள் சோற்றைக் கையால் தொட மாட்டாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு பதில் சொல்லி மாளாமல், யார் கண்ணிலும் படாமல் இருட்டில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஒருநாள் கொட்டகைக்குள் புகுந்தாள். படத்தில் ஒரு தடியன் ஊர்ப் பஞ்சாயத்துக்கு நடுவே வாழைப்பழத் தோலில் வழுக்கி, எழுந்து, மறுபடி அதே தோலில் வழுக்கினான். குள்ளம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு உருண்டைக் களி சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் கொட்டகை முதலாளியிடம் போய் வேலை கேட்டாள்.

எந்தப் படம் யாருக்கு ஆகும் என்பது அவளுக்கு அத்துப்படி. மாமியாரோடு மல்லுக்கட்டுகிறவளை, கடைசியில் மாமியார் மனம் திருந்துகிற படத்துக்கு வரச் சொல்லுவாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீடு வெறிச்சென்று கிடப்பவளிடம், "இந்த வாரம் வராதே ஆயா. முடிவிலே அழ வெக்கிறான். அடுத்த வாரம் நல்ல படம் வருது, அதுக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். முதலாளி காதில் விழுந்தால் வேலை போய்விடும்.

போன வருஷம் இதே கழுதைப் படம் வந்தபோது ராமக்காள் செல்லியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து தடவை பார்த்தாள். அவள் சிரிப்புக்குப் பெண்கள் பக்கமே திரும்பிப் பார்க்கும். "உங்க தம்பி பொண்டாட்டி வந்திருக்காளா?" என்று வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போனவர்கள் உண்டு.

அதனால்தான் குள்ளம்மாள் அந்தப் படத்தை அவ்வளவு நம்பினாள்.

மத்தியானம் ராமக்காளுக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கு விழுந்த முடி சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது.

"வர்றியா, ராமக்கா? உனக்குப் புடிச்ச படம்."

"ம்."

"வேண்டாம்னா வேண்டாம்."

"வர்றங்க்கா."

அவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததே குள்ளம்மாளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

ஆறு மணிக்கே கொட்டகை உச்சியில் கட்டிய குழாய் பாட ஆரம்பித்தது. எண்ணெய் எஞ்சின் படபடவென்று அடித்துக்கொண்டது. குள்ளம்மாள் ராமக்காளை மூங்கில் தட்டி ஓரமாக, மணலை ஒதுக்கி உட்கார வைத்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள். பொரி விற்கும் பழனியம்மாள் கூடையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராமக்காளை அடையாளம் கண்டதும் அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

முதலில் யுத்தச் செய்தி காட்டினார்கள். விமானங்கள் பறந்தன, சிப்பாய்கள் கையை ஆட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அப்புறம் படம் ஆரம்பித்தது.

கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு ராஜாவுக்கு வாரிசு கிடையாது. பட்டத்து யானை யார் கழுத்தில் மாலை போடுகிறதோ அவன்தான் அடுத்த ராஜா. பார்த்தால் அன்றைக்கு யானைக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மந்திரி ஓர் உப்பு வியாபாரியின் கழுதையைப் பிடித்து, அதன் வாயில் மாலையைக் கொடுத்து வீதியில் விடுகிறார். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கழுதை ஒவ்வொருவரையும் உற்றுப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டே, மாலையை ஒவ்வொரு பூவாகத் தின்கிறது.

கடைசி நாள் என்பதால் குள்ளம்மாளுக்கு வாசலில் வேலை குறைவு. அவள் உள்ளே வந்து, திரையைப் பார்க்காமல் ராமக்காளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் அந்த முகத்தில் விழுவதும் அழிவதுமாக இருந்தது. அசைவே இல்லை. உப்பு வியாபாரி ஆற்றில் விழுந்தபோது கொட்டகையே உருண்டது. ராமக்காள் கண்ணை இமைக்கவில்லை.

மந்திரி மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். கழுதை வாயைத் திறந்தது.

அது கத்துவதற்கு முன்பே ராமக்காள் சிரித்துவிட்டாள்.

யாரும் இன்னும் சிரிக்காத நேரம். அந்தச் சிரிப்பு தனியாகக் கேட்டது, போன வருஷம் கேட்ட அதே சிரிப்பு. 'ஈஸ்வரா, திரும்பி வந்துட்டா' என்று குள்ளம்மாளின் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

கழுதை கத்தியது. கொட்டகை அதிர்ந்தது. ராமக்காள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். மடியைப் பார்த்தாள்.

"கத்து பாப்பா! நீயும் கத்து!"

மடியில் ஒன்றும் இல்லை. புடவைதான் சுருங்கிக் கிடந்தது. இரண்டு கையும் குழந்தையின் இடுப்பைப் பிடிக்கிற அகலத்தில் அப்படியே நின்றன.

சரியாக அந்த நேரம் பார்த்து ரீல் முடிந்தது. ஒற்றை மிஷின் கொட்டகை. ரீல் மாற்றுவதற்கு விளக்கைப் போட்டார்கள். பெண்கள் பக்கம் முழுவதும் ராமக்காளைப் பார்த்தது. அவள் வாய் சிரித்தபடியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தமே வரவில்லை.

"ஐயோ பாவி" என்றாள் பழனியம்மாள், குள்ளம்மாளைப் பார்த்து. "கொழந்தையைப் பறிகுடுத்தவளை இங்க கூட்டியாந்து வேடிக்கை பாக்கறியே, நீ பொம்பளையா?"

குள்ளம்மாள் ஓடிவந்து மணலில் மண்டியிட்டாள். "எந்திரி கண்ணு. வூட்டுக்குப் போயிரலாம். எந்திரி."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போன வருஷம் ராமக்காள் சிரித்தது கழுதையைப் பார்த்து இல்லை. கழுதை கத்தும்போதெல்லாம் மடியில் இருந்த செல்லியும் வாயைப் பிளந்து கூடவே கத்துவாள். அதைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு. ஐந்து தடவை வந்ததும் அதற்காகத்தான். வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த குள்ளம்மாளுக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. வா, போலாம்."

ராமக்காள் அவள் கையை விலக்கினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க்கா" என்றாள். "இன்னும் முடியலே."

விளக்கு அணைந்தது. பழனியம்மாள் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். குள்ளம்மாள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மீதிப் படம் முழுவதும் ராமக்காள் அழுதாள். கொட்டகை சிரிக்கிற இடத்திலெல்லாம் அவள் அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள்.

படம் விட்டு வெளியே வந்தபோது ஆண்கள் வாசலுக்குப் பக்கத்தில் பச்சியப்பன் நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் கரி.

அவன் கோபத்தோடுதான் வந்திருந்தான். பஸ்ஸை ஷெட்டில் விட்டதும் நேரே வந்து, பெண்டாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட வேண்டும் என்று தரை டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்தான். தட்டிக்கு அருகே வந்தபோது அந்தச் சிரிப்பு கேட்டது. அவன் அங்கேயே நின்றுவிட்டான். 'நம்ம மொகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. இங்க வந்து சிரிக்கறா' என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் "கத்து பாப்பா" என்ற குரலும் கேட்டது. பிறகு விளக்குப் போட்டார்கள். அவன் தட்டி இடுக்கில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டான்.

மூன்று பேரும் நடந்தார்கள். சந்தை மைதானம் தாண்டி, ரயில் ஓடிய மேட்டில் ஏறினார்கள். யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் அந்த மேடு வெறும் சரளைப் பாதையாகக் கிடந்தது.

அங்கே ராமக்காள் நின்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கி ஏன் அவ்ளோ நேரமாச்சு?"

நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு அவள் அவனோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வண்டி நின்னு போச்சு" என்றான் பச்சியப்பன். "தொப்பூர் கணவாயிலே. எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் சொன்னதை எனக்குச் சொல்லாதீங்க."

குள்ளம்மாள் விலகிப் போகப் பார்த்தாள். "நீங்களும் இருங்க்கா" என்றாள் ராமக்காள்.

பச்சியப்பன் சரளையில் உட்கார்ந்துவிட்டான். சொல்ல ஆரம்பித்தான்.

"கணவாய் ஏத்தத்திலே வண்டி இழுக்கலே. கரி ஈரம். ஆளுங்க எறங்கித் தள்ளிப் பாத்தாங்க, ஆவலே. மாத்திரை இங்க மேல்பையிலேதான் இருந்துது. நாலு மணி இருக்கும். ஒரு மிலிட்டரி லாரி வந்துது. டிரைவர் நம்ம பக்கத்து ஆளு. 'ஏறிக்கப்பா, தர்மபுரியிலே எறக்கி வுடறேன்'னான்."

ராமக்காள் அசையவில்லை.

"பஸ்ஸிலே பதினாலு பேரு. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு இருந்துது. பஸ் ஓட்டறவனே வண்டியைக் காட்டிலே வுட்டுட்டுப் போயிட்டான்னா மொதலாளி என்ன சொல்வாரோன்னும் இருந்துது. காய்ச்சல்தானே, பொழுதுக்குள்ள போயிரலாம்னு நெனைச்சேன். 'நீ போப்பா'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"லாரியிலே வந்திருந்தா?"

"அஞ்சரைக்கு வந்திருப்பேன்."

குழந்தை போனது ஆறரைக்கு. தம்பி இத்தனை நாளும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தினமும் அதே கணவாயில் ஏறி இறங்கியிருக்கிறான். இப்போது இவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று குள்ளம்மாள் காத்திருந்தாள்.

ராமக்காள் கத்தவில்லை. அவனுக்கு எதிரே அவளும் உட்கார்ந்தாள்.

"ஆறு மணிக்கு அவ கண்ணைத் தொறந்தா" என்றாள். "'அம்மா, அப்பா பஸ்ஸு'ன்னா. ஒரு பஸ்ஸும் வரலே. தெருவிலே நாய்கூட இல்லே. நான் 'ஆமாங் கண்ணு, அப்பா வந்துட்டாங்க'ன்னு சொன்னேன்."

பச்சியப்பன் தலையைத் தூக்கினான்.

"வாசலுக்கு ஓடறதுக்கு எந்திரிச்சா. மேலுக்கு அப்பிடிக் கொதிக்குது, கால் நிக்கலே, ஆனாலும் எந்திரிச்சுட்டா. அதோட சரிஞ்சா. அப்புறம் கண்ணைத் தொறக்கலே." அவள் நிறுத்தினாள். "பொய் சொல்லி எழுப்பினது நான்தானுங்க. சும்மா படுத்திருக்கட்டும்னு வுட்டிருந்தா நீங்க வர்ற வரைக்கும் இருந்திருப்பாளோ என்னமோ."

"அப்பிடியெல்லாம் இல்லே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியலே. அதனாலதான் உங்க மொகத்தைப் பாக்க முடியலே. உங்க மேல கோவம்னு நெனைச்சுட்டீங்க."

பச்சியப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பெரிய சத்தமாக அழுதான். தோள் குலுங்கியது. மகளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. ராமக்காள் அவனைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை.

படம் விட்டுத் திரும்பிய இரண்டு மூன்று பேர் மேட்டில் ஏறி வந்தார்கள். குள்ளம்மாள் எதிரே போய், "அந்தப் பக்கமாப் போங்க சாமி" என்று வேறு வழியில் திருப்பி அனுப்பினாள். அவள் அன்று செய்தவற்றில் அது ஒன்றுதான் சரியாக அமைந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் ராமக்காள் மூன்று தட்டு வைத்தாள். தானும் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கேட்டாள்:

"நாளைக்கிப் படம் எந்த ஊருக்குப் போவுதுங்க்கா?"

குள்ளம்மாள் தயங்கினாள். "கம்பைநல்லூருக்கு. ஏன்?"

"எங்கம்மா வூடு அங்கதானே. நான் கொஞ்ச நாள் போயி இருந்துட்டு வர்றேன்."

"அந்தப் படம் இனி வேண்டாம் ராமக்கா. நான் பண்ணின தப்பு போதும்."

"தப்பில்லீங்க்கா. பாப்பா மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வந்துது. கண்ணை மூடினா காய்ச்சல் மொகம்தான் வருது. இன்னிக்கித்தான் அவ சிரிச்ச மொகம் வந்துது. ஒரே ஒரு நிமிசம்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னும் ரெண்டு தடவை பாத்துக்கறேன்."

அது குணமா, இன்னொரு நோயா என்று குள்ளம்மாளுக்குத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

"நானும் இன்னிக்கிப் படத்துக்கு வந்திருந்தேன்" என்றான் மெதுவாக.

"தெரியும். ஆனா படத்தைப் பாத்திருக்க மாட்டீங்க." ராமக்காள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "போன வருசமும் நீங்க வரலே. எப்பவும் பஸ்ஸு. அவ எப்பிடிக் கத்துவா, கத்திட்டு எப்பிடி என்னைத் திரும்பிப் பாப்பான்னு உங்களுக்குத் தெரியாது. நான் ஒருத்தி மட்டும் அதை எத்தனை நாளைக்கி வெச்சுக்கறது?"

பச்சியப்பன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"வெள்ளிக்கெழமை சாயங்கால ஆட்டம். கம்பைநல்லூருக்கு வாங்க. கழுதை மாலை திங்கற எடத்திலே பக்கத்திலே இருந்து சொல்றேன்."

"மொதலாளி லீவு..."

"ஆறரைக்கு ஆரம்பிச்சுருவான்" என்றாள் ராமக்காள். "நேரத்துக்கு வந்துருவீங்களா?"

பச்சியப்பன் வாயைத் திறந்தான். மகளுக்கு மாத்திரை வாங்கச் சேலத்துக்குக் கிளம்பிய அன்று காலையில், கடைசியாக இதே பெண்ணிடம் அவன் சொன்ன வார்த்தை "மூணு மணிக்கு வந்துருவேன்" என்பது. அதே வார்த்தையை மறுபடி சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

ராமக்காள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.